ஒரே குடிசையில் இரண்டு பேர்

சாலை, திருவனந்தபுரம்
9 ஜூன் 2024

சிஜிக்கு,

'அன்புள்ள' என்று எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்து விட்டுவிட்டேன். நான் பஸ் ஏறியபோது நீ வாசலுக்கு வரவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் உன் பாவாடை நுனி மட்டும் தெரிந்தது.

ஃபோனில் பேச முடியாதது உனக்கே தெரியும். இங்கே லீலாபாய் அத்தை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். போனக்காட்டிலோ தேயிலை ஃபாக்டரிக்கு மேலுள்ள வளைவில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே நமக்குப் பின்னால் நாலு பேர் காத்து நிற்பார்கள். வீட்டுக்கு எழுதினால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் படித்துவிடும். அதனால் உன் விதுரா பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

உன் கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஏப்ரலில் வயதுக்கு வந்தவள் நீ. ராஜையன் மாமா பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டியது உனக்காக. ஆனால் அதற்குள் இரண்டு பேர் உட்கார்ந்தோம். பதினைந்து வயது அக்கா சும்மா நிற்க, பதின்மூன்று வயதுத் தங்கைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் மூத்தவளுக்கு என்ன கோளாறு என்று கேட்பார்களே என்று அம்மா பயந்தாள். "ரெண்டும் ஒரே வாரத்துல ஆயிட்டு" என்று எல்லாரிடமும் சொன்னாள். தன் கூடப்பிறந்த மாமாவிடமும் அதையே சொன்னாள். உன் பக்கத்துப் பலகையில் உட்கார நான் ஆசைப்பட்டதாக நீ நினைத்தால் அது சரியில்லை.

அத்தை இங்கே பழவங்காடி துணிக்கடையில் வேலை செய்கிறாள் அல்லவா, அங்கே வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் மக்கள் இருவருக்கும் ஒன்றாகச் சடங்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து, "மோள் அஞ்சாம் கிளாசிலாணோ?" என்று கேட்டார். பத்து என்றேன். சிரித்துவிட்டு அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை காலை பிரார்த்தனையில் நிற்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சட்டை முன்புறம் முழுவதும் சிவப்பு. தலைவலி தினமும் இருக்கிறது. அத்தை டாக்டரிடம் கூட்டிப் போகப் போகிறாளாம். அவர் 'அதை'ப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? உன்னைத் தவிர யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

வடிவு


போனக்காடு
17 ஜூன் 2024

வடிவு அக்காவுக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் வைத்துக் கொடுத்தார்கள். பசங்க காதல் கடிதம் என்று கத்தினார்கள். அக்கா எழுதினது என்றேன், ஒருத்தரும் நம்பவில்லை. எனக்குத் தமிழ் எழுதக் கற்றுத் தந்தது நீதான், அதனால் இதில் பிழை இருந்தால் உன் பிழை.

நீ ஆசைப்படவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கோபம் போகவில்லை. மாமா சீர்த் தட்டை உன் கையில்தான் முதலில் கொடுத்தார், மூத்தவள் என்று. ஊதாச் சேலை உனக்கு, மிச்சமிருந்த பச்சை எனக்கு. போட்டோ ஆல்பத்தைப் பார்க்கிறவர்களும் "பொம்மை மாதிரி இருக்கு பாரு" என்று உன்னைத்தான் சொல்கிறார்கள். எனக்கென்று வந்த ஒரே நாளிலும் நான் இரண்டாவது.

அப்புறம் மே மாதம். நான் ஒதுங்கி உட்கார்ந்தபோது லயத்துக்காக உன்னையும் கூடவே உட்கார வைத்தாள் அம்மா. எனக்கு வயிறு வலித்தது, நீ புத்தகம் படித்தாய். அதையும் நான் மறக்கவில்லை.

டாக்டரிடம் சொல்லாதே. குடிசைக்குள் முதல் நாள் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கா? நம் இரண்டு பேர் கையையும் எடுத்துத் தன் தலையில் வைத்து அம்மா சத்தியம் வாங்கினாள். நாம் வாயைத் திறந்தால் அது அவள் தலையில்தான் விழும். மாமாவுக்குத் தெரிந்தால் நம் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். மூன்று நாள் காட்டில் அலைந்து ஓலை வெட்டினவர் அவர்.

அம்மா தினமும் கீழே அம்மன் கோயிலுக்குப் போகிறாள். தண்ணீர் ஊற்றியாச்சு, அதற்காகவாவது உனக்கு வந்துவிடும் என்கிறாள். அத்தை ஃபோன் பண்ணும் நேரத்துக்கெல்லாம் அதைத்தான் எதிர்பார்த்து வளைவுக்கு ஓடுகிறாள்.

இங்கே ஒரே மழை. ஃபாக்டரி முற்றத்தில் ஆனை வந்து நின்றது. உன் கால் இல்லாமல் போர்வைக்குள் நிம்மதியாக இருக்கிறேன். தவளையைக் கட்டிக்கொண்டு படுத்த மாதிரி எப்பவும் சில்லென்று இருக்கும். இப்போது இரண்டு போர்வையும் எனக்கே.

சிஜி


சாலை
7 ஜூலை 2024

அன்புள்ள சிஜி,

இந்த முறை 'அன்புள்ள' என்று எழுதிவிட்டேன், அடித்துவிடப் போவதில்லை.

அத்தை என்னைப் பக்கத்துத் தெருக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். வயதான டாக்டர். முதலில் என் உயரத்தை அளந்தார். பிறகு பின்னலைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி முழங்கைகளைப் பார்த்தார். மறந்துபோன ஒரு பெயரை நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறவர்போல இருந்தது அவர் முகம். அப்படியே அத்தை பக்கம் திரும்பி, "குட்டிக்கு மாசமுறை தொடங்கியோ?" என்று கேட்டார்.

"தொடங்கி சாரே. ஏப்ரல்ல சடங்கு நடத்தினோம். எட்டு வகைக் கறியோட சாப்பாடு" என்றாள் அத்தை.

அவர் முகத்தில் இருந்தது கலைந்துபோயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் சிஜி. "அப்போ வளர்ச்ச கழிஞ்ஞு. இனி பொக்கம் வைக்கில்ல" என்றார். மாதவிலக்கு தொடங்கிய பெண் அதற்குமேல் அதிகம் வளர மாட்டாளாம், நம் குடும்பமே குட்டையாக இருக்குமாம். மூக்கு ரத்தத்துக்குச் சூடு காரணமாம். ஒரு டானிக் எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அத்தை பொய் சொல்லவில்லை. எனக்கு வளையல் போட்டவள் அவள், தெரிந்ததைச் சொன்னாள். நான் வாயைத் திறக்கத்தான் செய்தேன். எண்ணெய் வைத்து வகிடு எடுத்த அம்மாவின் தலை கண்முன் வந்தது. மூடிக்கொண்டேன்.

மூன்றாம் மாடியில் என் வகுப்பு. பாதிப் படியில் கால் கல்லாகிவிடும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எல்லாரும் என்னைத் தாண்டிப் போவார்கள். தினமும் முதல் பீரியடுக்குத் தாமதம் என்று திட்டு வாங்குவதால் இடைவேளையில் கீழே இறங்காமல் நூலகத்துக்குப் போய்விடுகிறேன், அது அதே மாடிதான். உயிரியல் பாடத்தில் குரோமோசோம் நடக்கிறது. அதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆங்கில மருத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பெண்களுக்கு எக்ஸ் என்ற குரோமோசோம் இரண்டு இருக்கும். சிலருக்கு ஒன்று இல்லாமல் போய்விடும், அல்லது பாதி உடைந்திருக்கும். பக்கத்தில் ஒரு பெண்ணின் கோட்டுப் படம். குட்டையான உருவம், அகலமான கழுத்து, பின்கழுத்தில் தாழ இறங்கும் முடி, வெளிப்பக்கம் வளைந்த முழங்கை. கண்ணாடி பார்த்த மாதிரி இருந்தது. புத்தகத்தை மூடி, யாரும் எடுக்காதபடி தடித்த அட்லஸுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கு டர்னர் சிண்ட்ரோம் என்று பெயர். அந்தப் பெண்களுக்குத் தானாக மாதவிலக்கு வருவது அபூர்வம் என்று போட்டிருக்கிறது. அதனால்தான் அந்த டாக்டரின் முகம் கலைந்தது. இதயத்தைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அதை இரண்டு வரிக்குமேல் படிக்கவில்லை.

ஒரு உதவி செய். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே கையும் காலும் வீங்கியிருக்குமாம். நான் எப்படிப் பிறந்தேன் என்று அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு எழுது.

வடிவு


போனக்காடு
22 ஜூலை 2024

அக்கா,

கேட்காமல் இருந்திருக்கலாம்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வடிவு பிறந்தப்ப கால் வீங்கி இருந்ததா என்று சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவள் கை நின்றுவிட்டது. "பன்னு மாதிரி இருந்துச்சு ரெண்டு காலும். கையும்தான். நீர் கோத்திருக்கு, வத்திரும்னு நர்சம்மா சொன்னாங்க" என்றாள். அப்புறம்தான் யோசித்தாள். "உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள். களைந்த அரிசியைத் திரும்பவும் களைந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

சாயங்காலம் வளைவுக்குப் போய் அத்தைக்கு ஃபோன் பண்ணினாள். மூக்கு ரத்தம் பற்றி அத்தை அப்போதுதான் சொல்லியிருக்கிறாள். டாக்டர் பார்த்தாச்சே, சூடுதானே என்று அத்தை இத்தனை நாள் விட்டுவிட்டாளாம். அம்மா திரும்பி வந்தபோது முழுக்க நனைந்திருந்தாள். குடை கையில்தான் இருந்தது, விரிக்கவில்லை.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஒன்று சொன்னாள். அதை உனக்கு எழுதக் கூடாது என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். "வராததை வந்துச்சுன்னு சொல்லித் தண்ணி ஊத்தினேன்லா. அதான் அந்த ரத்தம் மூக்கு வழியா வருது" என்றாள்.

நீ படித்தவள், சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அம்மா ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். பத்தாம் வகுப்பெல்லாம் போதும், உன்னை மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று புனலூரில் ரப்பர் வெட்டப் போயிருக்கும் அப்பாவிடம் பேசியிருக்கிறாள். நீ இங்கே வந்தால் விதுராவுக்கு மேல் ஒரு டாக்டரும் கிடையாது. மழைக்கு ரோடு போனால் விதுராவும் கிடையாது.

அந்த இதயப் பத்தியைப் படி. படித்துவிட்டு என்ன போட்டிருக்கிறது என்று எழுது. இல்லை, எழுத வேண்டாம். படிக்க மட்டும் செய்.

சிஜி


சாலை
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சிஜி,

இது சீக்கிரம் உன் கைக்கு வர வேண்டும். அதனால் நேராகச் சொல்கிறேன்.

நேற்று பள்ளியில் மருத்துவ முகாம். பிந்து என்று ஒரு டாக்டர், இளவயது, செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் விட்டுவிட்டு வேலை பார்த்தார். வரிசையில் எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே வந்தார். என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார், எண்ணைப் பார்த்தார், மறுபடி அழுத்தினார். கருவி கெட்டுவிட்டதா என்று எனக்குப் பின்னால் நின்றவளுக்குப் போட்டுப் பார்த்தார். அவளுக்குச் சரியாக இருந்தது. திரும்ப எனக்கு. பிறகு என்னைப் படுக்கச் சொல்லிப் பாதத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எதையோ கேட்கிற மாதிரி இருந்தார். விரலை நகர்த்தி நகர்த்தி வைத்தார். நாடித்துடிப்பைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கிடைக்கவில்லை என்றும் புரிந்தது. அந்த இதயப் பத்தியை நான் படித்துவிட்டேன்.

"கால் எப்போதும் இவ்வளவு தணுப்பா?" என்று கேட்டார். தங்கை தவளை என்பாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வரிசையை நிறுத்திவிட்டு வெளியே போய் யாருக்கோ ஃபோன் பேசினார். புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் தன் பிரிவுக்கே வரச் சொன்னார். வீட்டில் பொறுப்பானவர்கள் கட்டாயம் கூட வர வேண்டுமாம்.

அத்தை அம்மாவைக் கூப்பிட்டாயிற்று. அம்மா வருகிறாள். டாக்டர் அதே கேள்வியைக் கேட்பார், இந்த முறை பக்கத்தில் அம்மாவே இருப்பாள். அம்மா 'ஆயிட்டு' என்று சொன்னால் பிந்து டாக்டரின் முகமும் கலைந்துபோகும். இதயத்தைப் பார்ப்பார்களாக இருக்கும். ஆனால் எதனால் இப்படி என்று தேட மாட்டார்கள், இது குடும்ப உயரம் என்றே எழுதிவிடுவார்கள். அல்லது அம்மா அறைக்குள்ளேயே வராமல் என்னை நேராக பஸ் ஏற்றிவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது.

நான் சொல்ல நினைக்கிறேன். ஆனால் அந்தச் சத்தியம் என் கையால் மட்டும் செய்தது இல்லை. உன் கையும் அம்மாவின் தலைமேல் இருந்தது. உன்னைக் கேட்காமல் உடைத்தால், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், உன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? உடைக்கலாமா என்று ஒரு வார்த்தை சொல். புதன்கிழமைக்குள் உன் பதில் வராது என்று தெரிந்தே கேட்கிறேன்.

வடிவு


போனக்காடு
7 ஆகஸ்ட் 2024, புதன்

அக்கா,

உன் கடிதம் நேற்று மதியம் கிடைத்தது. டீச்சரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தேன். அம்மா அதற்குள் கீழே போயிருந்தாள். என் பஸ்ஸும் அவள் பஸ்ஸும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டியிருக்கும். சன்னல் ஷட்டரை மழைக்கு இறக்கியிருந்தேன்.

வளைவுக்கு ஓடினேன். ஃபோனை அம்மா கொண்டுபோய்விட்டாள், பக்கத்து வீட்டு ஃபோனை வாங்கிப் பார்த்தால் மழையில் சிக்னலே இல்லை. அப்புறம் என் கால் தானாக மாமா வீட்டுக்குப் போனது.

மாமா விறகு பிளந்துகொண்டிருந்தார். "எந்தா மருமகளே, பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்துட்டியா" என்று சிரித்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வடிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நீங்கள் கட்டிய குடிசையில் அவள் சும்மாதான் உட்கார்ந்தாள், அம்மா ஊர் கேட்கும் என்று பொய் சொன்னாள், இப்போது அவள் காலில் நாடி இல்லை.

மாமா கோடாரியை மரத்தில் குத்தி வைத்தார். "நான் ஓலை வெட்டினேன்லா" என்றார். பிளந்த விறகைக் காலால் ஒதுக்கிவிட்டு, "ஊரு கேட்டா பதிலு சொல்ல நான் ஒருத்தன் இல்லியா? என்கிட்டயுமா?" என்றார். முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால் எழுதியிருப்பாய்.

இன்று காலை முதல் பஸ் வரவில்லை. ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது. மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தே இறங்கிப் போய்விட்டார், டாக்டரிடம் தானே சொல்வதாக. எப்போது போய்ச் சேர்வார் என்று தெரியவில்லை. இதை எழுதும் நேரத்தில் நீ அந்த அறைக்குள் இருப்பாய்.

சொல்லிரு அக்கா. நான் உடைத்துவிட்டேன், நீயும் உடை. ஏதாவது ஆனால் அது முதலில் சொன்ன என் மேல்தான் வரும், உன் மேல் வராது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிஜி


ஆஸ்பத்திரி, திருவனந்தபுரம்
8 செப்டம்பர் 2024

என் சிஜி,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. பேனாவை எடுக்கும்போதெல்லாம் யாராவது ஊசியோடு வந்துவிடுகிறார்கள். ஃபோனில் அம்மா உன்னிடம் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

அந்தப் புதன்கிழமை பிந்து டாக்டர் கேட்டார். "ஏப்ரல்ல ஆச்சு" என்றாள் அம்மா. டாக்டர் எழுதக் குனிந்தார். நான் எழுந்து நின்றேன். எழுந்தும் அவருக்கு நான் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும். "எனக்கு இதுவரைக்கும் ஆகல்ல டாக்டர். ஆனது அனியத்திக்கு" என்றேன்.

சொல்லி முடித்ததும் முதலில் அம்மாவின் தலையைத்தான் பார்த்தேன். அது அப்படியே இருந்தது. வகிடு கூடக் கலையவில்லை. அம்மா என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, எப்போதும் செய்வதுபோல, பின்னலை இழுத்து என் கழுத்தை மறைத்தாள். டாக்டர் மெதுவாக அந்தப் பின்னலை விலக்கினார்.

மதியத்துக்குமேல் மாமா வந்தார், முழங்கால்வரை சேறு. நடந்ததைக் கேட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவிடம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் எனக்கு ஒரு சாயா, அவளுக்கு ஒரு சாயா வாங்கி வந்து பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எனக்கு எக்ஸ் ஒன்றுதான். டாக்டர் அம்மாவுக்குப் படம் போட்டுக் காட்டினார். கரு உண்டாகும்போதே நடந்துவிடுவது, அம்மா சாப்பிட்டதாலும் இல்லை, யாரும் எதுவும் செய்ததாலும் இல்லை என்றார். தண்ணி ஊத்தினதாலயா என்று அம்மா கேட்டாள். அதற்குப் பதினைந்து வருடம் முன்பே ஆகிவிட்ட காரியம் என்றார். அம்மா தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

என் எலும்புகள் இன்னும் மூடவில்லையாம். கொஞ்சம் வளர இடம் இருக்கிறது, ஊசி போடலாம் என்கிறார். பிறகு மருந்து கொடுத்தால் மாதவிலக்கும் வருமாம். ஆனால் இதயம்தான் முதலில். அதிலிருந்து கிளம்பும் பெரிய குழாய் ஓரிடத்தில் இறுகிக் கிடக்கிறது. மேலே ரத்தம் முட்டுகிறது, கீழே போதவில்லை. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு முனைகளைச் சேர்த்துத் தைப்பார்கள். நாளைக் காலை. டாக்டர் அம்மாவைத் தனியாக அழைத்து வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தவள் என் தலையைப் பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. புத்தகத்தில் படித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஓணத்துக்கு அத்தம் தொடங்கிவிட்டதால் வார்டு வாசலில் நர்சுகள் பூக்களம் போட்டிருக்கிறார்கள். அதை மிதிக்காமல் சுற்றிப் போய்த்தான் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறார்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆபரேஷனுக்கு முன்னால் பெண்களிடம் கேட்கும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். என்னிடம், கடைசியாக எப்போது ஆச்சு என்று கேட்டாள். அடுத்த கட்டிலில் விதுராக்காரி ஒருத்தி இருக்கிறாள், நம் லயத்தில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். வந்த நாள் முதல் அம்மா அவள் இருக்கும்போது என்னைப் பற்றி வாய் திறந்ததில்லை. நான் பதில் சொல்லப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவளுக்கு இன்னும் ஆகல்ல சிஸ்டர்" என்றாள். வார்டுக்கே கேட்டது. "சடங்கு நான் பொய்யா வச்சது. பிள்ளை மேல ஒரு பிழையும் இல்ல."

விதுராக்காரி திரும்பிப் பார்த்தாள். அம்மா அவளை நேராகப் பார்த்தாள். நாளைக்கே இது லயம் முழுக்கத் தெரிந்துவிடும் சிஜி. உன்னிடம் யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்.

மாமா சாயங்கால பஸ்ஸில் மேலே வருகிறார், இதை அவர் கையில் கொடுத்து விடுகிறேன். சடங்கு உன்னுடையது. ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொள். ஊதாச் சேலையை மட்டும் மடித்து வை, எனக்கு என் நாள் மருந்தில் வந்தாலும் அதை உடுத்துவேன். அதை உடுத்த நான் இருக்க வேண்டும் என்று இப்போது ரொம்ப ஆசையாக இருக்கிறது.

குழாய் சரியானால் முதலில் கால்தான் தெரிந்துகொள்ளும் என்று பிந்து டாக்டர் சொன்னார். நாளை மதியத்துக்குமேல் வளைவுக்குப் போய் நில், மாமாவின் ஃபோனுக்கு அம்மா கூப்பிடுவாள். அவள் அழுதுகொண்டிருந்தாலும் சிரித்துக்கொண்டிருந்தாலும் நீ வேறெதையும் கேட்காதே. அக்கா கால் சூடாக இருக்கிறதா என்று மட்டும் கேள். தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்.

வடிவு